விந்தாலுவுக்கு ஏற்ற ஒயின்

கஸ்பார் பேசுவார். தனிஸ்லாஸ் பேச மாட்டார். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். மற்றபடி ஒரே ஊர், புதுச்சேரி. ஒரே வயசு. இரண்டு பேரும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்கள். இரண்டு பேருக்கும் சர்க்கரை. இரண்டு பேரும் அதை மதிப்பதில்லை.

கஸ்பார் பிரான்சில், லியோன் நகரத்து முகாமில் லாரி ஓட்டினார். தனிஸ்லாஸ் ஜிபூத்தி வெயிலில் துப்பாக்கி துடைத்தார். லாரி ஓட்டியவருக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்லக் கதை இருந்தது. துப்பாக்கி துடைத்தவருக்கு ஒன்றும் இல்லை. துடைத்தார். முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடற்கரைப் பக்கம் போய் பெத்தாங்க் ஆடுவார்கள். இரும்புக் குண்டு எறிகிற ஆட்டம். ஆடி முடித்து, முறை வைத்து ஒருத்தர் வீட்டில் சாப்பாடு. அந்த ஞாயிறு தனிஸ்லாஸ் வீட்டு முறை. அவர் மனைவி ஒர்த்தான்ஸ் விந்தாலு செய்திருந்தாள். பன்றிக்கறியைக் கொழுப்போடு வெட்டி, வினிகரும் மசாலாவும் போட்டு, எண்ணெய் மேலே நின்று மினுக்கும் வரை சுண்ட வைக்கிற கறி. டாக்டர் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார்.

அந்தக் கறிக்காகவே ஒரு பாட்டில் வந்திருந்தது. பொழொலே. லியோனுக்கு வடக்கே குன்றுகளில் விளைகிற திராட்சையில் செய்வது. சிவப்பு ஒயின்தான், ஆனால் லேசானது. கொஞ்சம் குளிர வைத்துக் குடிக்க வேண்டும். தனிஸ்லாஸின் மகள் ரொசாலி லியோனில் வேலைக்குச் சேர்ந்து, முதல் முதலாக அப்பாவுக்கு அனுப்பிய சாமான் அது. "அம்மா வைக்கிற பன்னிக்கறியோட குடிங்கப்பா. அந்தக் கொழுப்புக்கு இதுதான் சரியா இருக்கும்" என்று போனில் சொல்லியிருந்தாள். தனிஸ்லாஸ் "ம்" என்றார். போனை வைத்த பிறகு அந்த பாட்டிலை எடுத்து வேட்டியால் துடைத்தார். அவருக்குத் தெரிந்த வேலை அது.

ரகசியமாகக் குடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். முடியவில்லை. லியோனிலிருந்து பாட்டிலைப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தவன் கஸ்பாரின் அண்ணன் மகன். பிறகு ஊருக்கே தெரியாமல் எப்படி இருக்கும்?

பெத்தாங்க் ஆடுகிற இந்தக் கூட்டத்துக்குள் ஒரு விதி உண்டு. பிரான்சிலிருந்து யாருக்கு பாட்டில் வந்தாலும், இன்னொருத்தர் அதைக் கேட்டுப் புளுகலாம். பாட்டிலின் சொந்தக்காரர் உட்கார்ந்து கேட்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு தடவை "பொய்" என்று சொல்லிவிட்டாலும் போச்சு, பாட்டில் புளுகினவருக்கு. ஒயினைக் கிளாஸில் ஊற்றுகிற வரைக்கும் ஆட்டம் உயிரோடு இருக்கும். புளுகி முடிக்காமல் ஊற்றவும் கூடாது. மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கத்தலாம். சொந்தக்காரர் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது.

மாட்டேன் என்று தனிஸ்லாஸ் சொல்ல முடியாது. போன வருஷம் இதே விதியில் இஞ்ஞாசியின் கொஞ்ஞாக் பிராந்தி பாட்டிலைத் தட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். அதற்கு அவர் சொன்ன கதை ஒரே வரி. "என் பொண்டாட்டி என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை." இஞ்ஞாசி யோசிக்கவே இல்லை, "பொய்!" என்று கத்திவிட்டார்.

அந்த இஞ்ஞாசிதான் இன்றைக்கு நடுவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். விதி என்றால் விதி. நான்காவது ஆள் எதுவார், ஒர்த்தான்ஸின் தம்பி. வேன் ஓட்டுகிறான். எந்த பாட்டில் யாருக்குப் போனாலும் தனக்கு ஒரு கிளாஸ் வரும் என்று தெரிந்து வந்து உட்கார்ந்திருந்தான்.

"எடுடா இலைய" என்றார் தனிஸ்லாஸ். இலை இல்லை, தட்டுதான். பசி வந்தால் அவருக்கு எல்லாம் இலைதான்.

ஒர்த்தான்ஸ் கறிச்சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் நான்கு மூக்கும் ஒன்றாக முன்னால் வந்தன. நான்கு தட்டிலும் கறி விழுந்தது. பக்கத்தில் ரொட்டி.

"பாட்டில ஐஸ்பெட்டியில வெச்சியா?" என்று கேட்டார் தனிஸ்லாஸ். காலையில் பூசைக்குப் போகும்போது அடுக்களை மேடையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் உள்ளே வை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எல்லாம் ஆச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போய்விட்டாள்.

தனிஸ்லாஸ் சாப்பிடவில்லை. ஒயினோடுதான் முதல் வாய் என்று முடிவு செய்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு கஸ்பாரைப் பார்த்தார்.

"ஆரம்பி. சீக்கிரம்."

"சீக்கிரமா?" கஸ்பார் ஒரு கறித்துண்டை வாயில் போட்டுக்கொண்டார். "பொழொலே பத்திப் பேசறதுன்னா அவசரப்படக் கூடாது தனிஸ்லாஸ். இருந்தாலும் நீ கேட்டதுக்காகச் சுருக்கிச் சொல்றேன்."

சுருக்கவில்லை.

"எங்க கொலொனேல், அதான் கர்னல், இருந்தாரே, அவர் ஞாயித்துக்கிழமை சாப்பிடற சாப்பாட்டை நீங்க பாத்திருக்கணும். கூஸ் வாத்துக் கொழுப்புல பொரிச்ச பன்னி சாசேஜு. அது மேல வெண்ணெய். வெண்ணெய் மேல க்ரீமு. க்ரீமு வழுக்கி விழாம இருக்க அது மேல ஒரு ஈரல். சாப்பிட்டு முடிச்சா நாலு சொல்தா, சிப்பாய்ங்க, சேர்ந்துதான் நாற்காலியோட தூக்கிட்டுப் போய்ப் படுக்கையில கவுக்கணும். அதுக்குக் குடிக்கிறது என்ன தெரியுமா? கெட்டியான பொர்தோ ஒயின். கனத்து மேல கனம். ஏற்கெனவே லோடு ஏத்தின லாரியில இன்னொரு லாரியைத் தூக்கி வெச்சா அச்சு என்னாகும்? நான் டிரைவரு. எனக்குத் தெரியும். வாசல்ல நின்னு சொன்னேன், மோன் கொலொனேல், இந்தச் சாப்பாட்டுக்கு இது ஒயின் இல்ல. நான் கொண்டாரேன்."

"கொலொனேல்கிட்ட நீங்க அப்படிப் பேசினீங்க?" என்றான் எதுவார்.

"அவர்தான் எந்திரிச்சு நின்னு பேசினாரு. நான் சாஞ்சுகிட்டுப் பேசினேன். லாரிய எடுத்துக்கிட்டு அந்தக் குன்றுக்குப் போய் ஒரு பாட்டில் பொழொலே வாங்கியாந்தேன். கொலொனேல் ஒரு வாய் குடிச்சாரு. முழுங்கல, வாயிலதான் இருக்கு. அதுக்குள்ள பெல்ட் ரெண்டு ஓட்டை தளர்ந்துபோச்சு. முழுங்கினாரு. பேண்ட்டு கழண்டு கீழ விழுந்துடுச்சு."

எதுவார் சிரித்ததில் ரொட்டி புரையேறியது.

"சிரிக்காதப்பா. அந்த மனுஷன் அழுதாரு. எட்டு வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் சொந்தக் கால் விரலை நேராப் பாக்குறாரு. வலது கால்ல ஒரு விரல் கோணலாயிருந்துச்சு. அதுவே அவருக்குத் தெரியாது."

இஞ்ஞாசி தனிஸ்லாஸைத் திரும்பிப் பார்த்தார். தனிஸ்லாஸ் முகத்தில் ஒன்றும் இல்லை. கழுத்தில் மட்டும் ஒரு நரம்பு எழுந்து நின்றது.

"அப்புறம்" என்றார் தனிஸ்லாஸ்.

"அப்புறம் என்ன, கிளாஸை வைக்கும்போது அவர் கை நடுங்கி ஒரு சொட்டு கீழ சிந்திடுச்சு. ஒரே சொட்டு. அது சமையல்கட்டுச் சாக்கடையில இறங்கிடுச்சு. நூறு வருஷமா அந்த முகாம்ல பன்னியும் வாத்தும் பொரிச்ச கொழுப்பு அந்தச் சாக்கடையில கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு. கடப்பாரை வெச்சு இடிச்சாலும் உடையாது. இந்த ஒரு சொட்டு போய்த் தொட்டதும் கடகடன்னு ஒரு சத்தம். மொத்தக் கொழுப்பும் கரைஞ்சு, அப்படியே ஓடி, சோன் ஆத்துல கலந்துடுச்சு."

"சாக்கடை அடைப்பு எடுத்ததெல்லாம் ஒரு கதையா?" என்றார் இஞ்ஞாசி.

"கதை அங்கதான் ஆரம்பிக்குது வாத்தியாரே. ஆத்துல இருந்த மீனெல்லாம் அந்தத் தண்ணிய குடிச்சுச்சு. மறுநாள் ஒரு மீன் உடம்புல கொழுப்பு இல்ல. எல்லாம் இளைச்சுக் குச்சியாயிடுச்சு. வலைய போட்டா வலைக்கண்ணுல நுழைஞ்சு போயிடுது. மீன் பிடிக்கிறவன் அத்தனை பேரும் முகாம் வாசல்ல வந்து உக்காந்துட்டான். கஸ்பாரை வெளிய அனுப்பு, கஸ்பாரை வெளிய அனுப்புன்னு ஒரே கூச்சல். கடைசில நான்தான் ஒரு டின் வெண்ணெயைக் கொண்டுபோய் ஆத்துல கொட்டி மீனைத் தேத்திவிட்டேன்."

"சுத்தப் புளுகு!" என்றான் எதுவார்.

"நீ சொல்லலாம். மாமாவைச் சொல்லச் சொல்லு, பாப்போம்."

மாமா சொல்லவில்லை. பல்லைக் கடித்த சத்தம் மட்டும் கேட்டது. அவர் தட்டில் கறி ஆறிக்கொண்டிருந்தது. ஓரத்தில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையாகத் திரைந்தது. கஸ்பார் தட்டு காலி. அவர் எட்டிச் சட்டியிலிருந்து இரண்டாம் தடவை போட்டுக்கொண்டார். அவர் போட்டுக்கொண்டது கரண்டியால் இல்லை, தனிஸ்லாஸின் நெஞ்சில் கையை விட்டு எடுத்தது மாதிரி இருந்தது.

"அதுக்கப்புறம் என் பேரு பரவிடுச்சு" என்றார் கஸ்பார், மென்றுகொண்டே. "எந்தக் கொழுத்த சாப்பாட்டுக்கு எந்தக் குன்று பொழொலே சரிப்படும்னு கேட்டு ஆள் மேல ஆள் வருவான். முதல்ல மோந்து பாத்துதான் சொல்லிட்டு இருந்தேன். இந்தத் திராட்சை குன்றுக்குக் கிழக்கா, மேற்கா, பறிச்சவன் அன்னிக்கு வீட்ல சண்டை போட்டுட்டு வந்தானா, எல்லாம் மூக்குல தெரிஞ்சுடும். அப்புறம் மூக்கும் தேவைப்படல. கண்ணைக் கட்டி, மூக்குல பஞ்சை அடைச்சு உக்கார வெப்பாங்க. கிளாஸ்ல ஊத்துற சத்தத்துலயே சொல்லிடுவேன். அப்பால ஊத்தவும் வேணாம்னு ஆயிடுச்சு. பாட்டிலைத் தூக்கிட்டு வர்றவன் நடையே போதும். இது வாத்துக்கு, இது பன்னிக்கு, இது குடலுக்கு."

"போன்ல கேட்டா?" என்றான் எதுவார். கிண்டலுக்குத்தான் கேட்டான்.

கஸ்பாருக்கு அது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகிவிட்டது.

"அதைத்தானே சொல்ல வர்றேன்! போன்லதான் பாதி வேலை நடக்கும். திராட்சைத் தோட்டக்காரன் போனைத் திறந்த பாட்டில் வாயில வெப்பான். நான் இங்கிருந்து இழுத்து ஒரு மூச்சு. ஒரு நாள் ஒருத்தன் கூப்பிட்டான். மோந்தேன். யோவ், இது உன் ஒயின் இல்ல, பக்கத்துத் தோட்டத்துக்காரனோடது. அதுமட்டுமில்ல, நீ இடது காலை அவன் வரப்புல வெச்சுக்கிட்டு நிக்கிற, எடுன்னேன். கால் எடுத்த சத்தம் போன்ல கேட்டுச்சு. ஊரே அவனைத் திட்டுச்சு."

அடுக்களையிலிருந்து ஒர்த்தான்ஸ் இன்னும் கொஞ்சம் ரொட்டி கொண்டுவந்தாள். சட்டியைப் பார்த்தாள். பாதிக்குக் கீழே போயிருந்தது. கணவர் தட்டைப் பார்த்தாள். அப்படியே இருந்தது.

"என்னங்க, சாப்பிடலையா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இவன் முடிக்கட்டும்."

"கறி எப்படி இருக்கு கஸ்பார் அண்ணே?"

கஸ்பார் விரலை நக்கினார். "தங்கச்சி, போன தடவையைவிட இந்தத் தடவை என்னமோ தூக்கலா இருக்கு. குறைன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான். பக்கத்துல அந்தப் பொழொலே இல்ல. இந்த வீட்டுக்குள்ள அது திறந்து ஒரு சொட்டு இருந்திருந்தா, நான் தெரு முனையில திரும்பும்போதே சொல்லியிருப்பேன். என் மூக்கு அப்படி."

ஒர்த்தான்ஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். தனிஸ்லாஸ் "உள்ள போ, இவன் கதைய நீட்டிடுவான்" என்றார். அவள் போய்விட்டாள். ஆம்பளைங்க விளையாட்டு, நமக்கென்ன என்று போனாள்.

கஸ்பார் மூன்றாம் தடவை சட்டிக்குள் கை விட்டார்.

"யோவ்" என்றார் தனிஸ்லாஸ்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சொல்லு."

"சொல்றேன். ஒரு மேயர் வீட்டுக் கல்யாணம். நானூறு பேர் சாப்பாடு. ஒரு மாட்டை முழுசா சுட்டாங்க. மாட்டுக்குள்ள ஒரு பன்னி. பன்னிக்குள்ள ஒரு கூஸ். அதுக்குள்ள ஒரு வாத்து. வாத்துக்குள்ள ஒரு காடை. காடைக்குள்ள ஒரு முட்டை. முட்டைக்குள்ள என்ன இருந்துச்சு சொல்லுங்க?"

"மஞ்சள் கரு" என்றார் இஞ்ஞாசி.

"வெண்ணெய்! வெறும் வெண்ணெய். அந்தக் காடைக்குத் தீனியே வெண்ணெய்தான். அதைப் பாத்ததும் பொண்ணு வீட்டுக்காரங்களுக்குக் குலை நடுங்கிடுச்சு. சாப்பிட்டா அத்தனை பேரும் அந்தந்த நாற்காலியிலயே அடக்கம். அந்த வருஷம் பாத்து ஆலங்கட்டி மழை பெய்ஞ்சு திராட்சையெல்லாம் நாசம். ஊர் முழுக்கத் தேடியும் ஒரே ஒரு பாட்டில் பொழொலே. மேயர் என் காலைப் புடிச்சுட்டாரு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? காதுக்கு மருந்து விடற பில்லரு இருக்குல்ல, அதுல அந்த ஒயினை எடுத்து, நானூறு பேரையும் வரிசையா நிக்க வெச்சு, நாக்கை நீட்டச் சொல்லி, ஆளுக்கு ஒரு சொட்டு."

"நற்கருணை மாதிரியா?" என்றான் எதுவார்.

"பிஷப்பும் வரிசையில நின்னாருப்பா! சொட்டு விட்டதுதான் தாமதம். மாடு காலி. பன்னி காலி. உள்ள இருந்த எல்லாம் காலி. எலும்பை வெச்சு யாரோ வேலி கட்டினாங்க. வந்தவன் எவனும் வந்த உடம்போட திரும்பிப் போகல. சாப்பிடச் சாப்பிட இளைக்கிறாங்க. கல்யாணப் பொண்ணு விரல்ல மோதிரம் நிக்கல, கழண்டு உருளுது. மாப்பிள்ளைக்குக் கோட்டைப் பந்தலிலயே பிடிச்சுத் தைச்சாங்க. பாட்டில்ல கழுத்து மட்டும்தான் குறைஞ்சுது, மிச்ச ஒயின் அப்படியே."

இஞ்ஞாசி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நானூறு சொட்டுக்கு என்ன அளவு வரும்னு கணக்குப் போட்டா, அது மட்டும்தான் உன் கதையில சரியா வருது கஸ்பாரு."

"நான் எப்பவும் சரியாத்தான் சொல்வேன்" என்றார் கஸ்பார். பிறகு தனிஸ்லாஸ் பக்கம் மெதுவாகத் திரும்பினார். மீன் முள்ளை எடுத்துவிட்டுச் சதைக்கு வருகிற மாதிரி. "ஏன், நீதான் அன்னிக்கு அங்க இருந்தியே, தனிஸ்லாஸ். சொல்லேன்."

தனிஸ்லாஸ் வாழ்நாளில் லியோன் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

"லீவுல ஜிபூத்தியில இருந்து வந்தான், பாவம். வெயில்ல காஞ்சு ஒட்டகம் மாதிரி இருந்தான். நான்தான் பாவப்பட்டு அந்தக் கல்யாணத்துல தட்டு கழுவற வேலை வாங்கிக் குடுத்தேன். துடைக்கிறதுல கெட்டிக்காரன், அதை நான் மறுக்க மாட்டேன். கடைசில ஒரு சொட்டு இவன் நாக்குலயும் விட்டேன். இவன் என்ன பண்ணான்? அழுதான். அழுதுகிட்டே பேச ஆரம்பிச்சான். மூணு நாள் பேசினான். நிறுத்தவே முடியல. அதோட இவன் பேச்சு தீந்துபோச்சு. இன்னிக்கு வரைக்கும் இவன் பேசாம இருக்கறதுக்குக் காரணம் அதுதான்."

எதுவார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். இஞ்ஞாசியும் சிரித்தார், நடுவர் என்பதை மறந்து.

தனிஸ்லாஸின் காது இரண்டும் சிவந்தன. வாய் தானாகத் திறந்தது.

"பொ..."

கஸ்பார் முன்னால் சாய்ந்தார். இஞ்ஞாசி விரலைத் தூக்கினார்.

"பொ... பொரியல் ஏதாவது இருக்காடி, ஒர்த்தான்சு?"

"பொரியலா? நீங்க எப்பங்க பொரியல் கேட்டீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒண்ணும் வைக்கல!"

இஞ்ஞாசி விரலை இறக்கினார். "செல்லும்" என்றார். கஸ்பார் "தப்பிச்சுட்ட" என்றார்.

தனிஸ்லாஸ் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். குடித்தது தண்ணீராக இருந்ததில் இன்னும் கோபம் வந்தது. ஒயின் உள்ளே குளிர்ந்து கிடக்கிறது. கறி இங்கே உறைந்து கிடக்கிறது. நடுவில் இந்த மனுஷன் உட்கார்ந்து ரொட்டியால் சட்டியின் அடியைத் துடைக்கிறார்.

"முடிஞ்சுதா?"

"கடைசி ஒண்ணு" என்றார் கஸ்பார். இதுவரைக்கும் இருந்த சிரிப்பை எடுத்துவிட்டு, செய்தி வாசிக்கிற முகத்தைப் போட்டுக்கொண்டார். "அந்தக் குன்றுல இருக்கறவங்க எனக்குச் சிலை வைக்கிறேன்னாங்க. வேணாம்னுட்டேன். சரி, மரியாதையாவது பண்றோம்னு ஒரு ஏற்பாடு பண்ணாங்க. அந்தக் குன்றை விட்டு ஒரு பாட்டில் வெளிய போகணும்னா இந்தக் கஸ்பாரு சரின்னு சொல்லணும். இன்னிக்கு வரைக்கும் அதுதான் நடக்குது. தினம் காலையில ஒருமணி நேரம் போன்ல சரி, சரி, சரின்னு சொல்றதுதான் எனக்கு வேலை. போன மாசம் ஒரு போன் வந்துச்சு. எடுத்தா, நம்ம ரொசாலி."

தனிஸ்லாஸ் நிமிர்ந்தார்.

"பெரியப்பா, அப்பாவுக்கு ஒரு ஒயின் அனுப்பணும், எதை அனுப்பட்டும்னு கேட்டுச்சு புள்ள. நான் சொன்னேன். அம்மா, உங்கப்பன் நாக்கு ஜிபூத்தி மணல்ல வெந்த நாக்கு. அதுக்குப் புளித்தண்ணியும் ஒண்ணுதான், பொழொலேயும் ஒண்ணுதான். காசை வீணாக்காதேன்னேன். புள்ள அழுதுடுச்சு. சரி, அம்மா வைக்கிற கறிக்காகவாவது அனுப்பு, நான் இருக்கேன், நான் குடிச்சு எப்படியிருக்குன்னு சொல்றேன்னு நான்தான் இந்த பாட்டிலை எடுத்துக் குடுக்கச் சொன்னேன். ஆக அது உனக்கு வந்த பாட்டிலே இல்ல, தனிஸ்லாஸ். உன் வீட்டு விலாசத்துக்கு எனக்கு வந்த பாட்டில். இன்னா சொல்ற?"

எதுவார் சிரிக்கவில்லை. இஞ்ஞாசியும் சிரிக்கவில்லை. மகளை இழுத்தது கொஞ்சம் அதிகம் என்று இரண்டு பேருக்கும் பட்டது.

தனிஸ்லாஸ் எழுந்தார். நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. மேசை மேல் இரண்டு கையையும் ஊன்றிக் கஸ்பாரைப் பார்த்தார். வேட்டியால் துடைத்து வைத்த பாட்டில் கண்ணுக்குள் நின்றது. ஒரு வார்த்தை. இரண்டே எழுத்து. சொல்லிவிட்டால் நெஞ்சு ஆறிவிடும். ஆனால் பாட்டில் போய்விடும். பிறகு ரொசாலிக்கு என்ன சொல்வது? கஸ்பார் குடித்தான், நன்றாக இருந்ததாம் என்றா?

உட்கார்ந்தார்.

"சரி" என்றார்.

"என்ன சரி?"

"நம்புறேன்."

"எதை?"

"எல்லாத்தையும். பேண்ட்டு, மீனு, மாடு, போனு. எல்லாம். முடிஞ்சுதா?"

கஸ்பார் வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றும் மிச்சம் இல்லை. மூடிக்கொண்டார். அவர் இப்படி வாயை மூடி அந்தக் கூட்டத்தில் ஒருவரும் பார்த்ததில்லை. எதுவார் கை தட்டினான்.

"புளுகு முடிஞ்சது" என்றார் இஞ்ஞாசி. "ஊத்திட்டா ஆட்டமும் முடிஞ்சது."

"ஒர்த்தான்சு!" தனிஸ்லாஸ் குரலில் இருபது வருஷமாக யாரும் கேட்காத ஒரு உற்சாகம் இருந்தது. "அந்த பாட்டில எடுத்தா. நாலு கிளாஸ். இவனுக்கும் ஒண்ணு வை, பாவம்."

ஒர்த்தான்ஸ் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கையில் பாட்டிலும் இல்லை, கிளாஸும் இல்லை.

"எந்த பாட்டிலு?"

"எந்த பாட்டிலா? ரொசாலி அனுப்பினது."

"ஐயோ, அதுவா? அதைச் சொல்ல வந்தா நீங்கதான் உள்ள போன்னு துரத்திட்டீங்க." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், விருந்தாளிகளுக்குக் கேட்காதது மாதிரி. எல்லாருக்கும் கேட்டது. "அது கெட்டுப்போச்சுங்க. நாலு பேருக்கு வைக்கிறதாச்சே, நல்லாருக்கான்னு பாப்போம்னு காலையிலேயே திறந்து ஒரு வாய் வெச்சேன். தண்ணி மாதிரி இருக்கு. இனிப்பும் இல்ல, காட்டமும் இல்ல, ஒரே புளிப்பு. வெயில்ல வந்து காடியாயிடுச்சு பாவம். புள்ள ஆசையா அனுப்பினது, கீழ கொட்டவும் மனசு வரல. விந்தாலுவுக்கு வேற வினிகர் பத்தல. அப்படியே கறியில ஊத்திட்டேன்."

"எவ்ளோ?" என்றார் தனிஸ்லாஸ்.

"முழு பாட்டிலும்தான். கெட்டுப்போனதைக் கிளாஸ்ல ஊத்தி வந்தவங்க முன்னாடி வெச்சா உங்களுக்குத்தானே அசிங்கம்?"

நடுவில் இருந்த சட்டியை எல்லாரும் பார்த்தார்கள். கஸ்பாரின் ரொட்டி அதைக் கழுவி வைத்த மாதிரி துடைத்திருந்தது. எதுவார் தன் விரலை மோந்து பார்த்தான். இஞ்ஞாசி கஸ்பாரின் மூக்கைப் பார்த்தார். தெரு முனையிலிருந்து, போனிலிருந்து, வரப்பில் கால் வைத்தவன் வரைக்கும் மோந்த மூக்கு. அதன் நுனியில் கொஞ்சம் மசாலா ஒட்டியிருந்தது.

கஸ்பார் துண்டால் மூக்கைத் துடைத்தார். இருமினார். பிறகு தோளை நிமிர்த்திக்கொண்டார்.

"எனக்கு முதல் வாயிலேயே தெரியும்" என்றார்.

"என்னது!" என்றான் எதுவார்.

"தெரியாமலா மூணு தடவை போட்டேன்? அசல் லியோன்காரன் பொழொலேயைக் கிளாஸ்ல ஊத்திக் குடிக்க மாட்டான். பன்னிக்கறியில ஊத்தித் தின்னுவான். அந்த முறை இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன், தங்கச்சிக்கும் தெரிஞ்சிருக்கு. வாயைத் திறந்து சொல்லிட்டா நீங்க எல்லாம் பதறிப்போய்ப் பாதியில நிறுத்திடுவீங்களேன்னுதான், கறி ஆறறதுக்குள்ள எல்லாரும் நிம்மதியா சாப்பிடட்டும்னு இவ்ளோ நேரம் கதை சொல்லிச் சமாளிச்சேன். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

எதுவார் தலையில் அடித்துக்கொண்டான்.

தனிஸ்லாஸ் தன் தட்டைக் கிட்டே இழுத்தார். கறி ஆறிப் போயிருந்தது, மேலே கொழுப்பு மெழுகு மாதிரி படர்ந்திருந்தது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். அவசரமே இல்லாமல் மென்றார். அந்த வீட்டில் அவர் எதையும் அவ்வளவு நிதானமாகச் செய்து யாரும் பார்த்ததில்லை. விழுங்கினார். ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் ஒற்றி அதையும் தின்றார். மகள் சொன்னது சரிதான். அந்தக் கொழுப்புக்கு அது சரியாகத்தான் இருந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு கஸ்பாரைப் பார்த்தார்.

"பொய்" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. முழுசாகச் சொன்னார்.

இஞ்ஞாசி துள்ளிக்கொண்டு விரலைத் தூக்கிவிட்டார். "சொல்லிட்டாரு! கிளாஸ்ல ஊத்தல, ஆட்டம் இன்னும் முடியல, அதுக்குள்ள சொல்லிட்டாரு. விதின்னா விதி. பாட்டில் கஸ்பாருக்கு!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் தனிஸ்லாஸ். அடுத்த துண்டை எடுத்தார். "ஒர்த்தான்சு, குடுத்துடு."

ஒர்த்தான்ஸ் உள்ளே போனாள். பாட்டிலைக் கொண்டுவந்து கஸ்பார் முன்னால் வைத்தாள். பச்சைக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்.

"எடுத்துட்டுப் போங்க அண்ணே, மண்ணெண்ணெய் ஊத்தி வைக்க ஆவும். அந்தப் புளிச்ச நாத்தம் போகணும்னு சோப்பு போட்டு ரெண்டு தரம் கழுவியிருக்கேன்."